பெட்டி இருக்கிறது, பில் இருக்கிறது, சாஃப்ட்வேர் மட்டும் திறக்கவில்லை

கேள்வி: சார், தண்டையார்பேட்டையில் வீட்டு முன்னறையில் டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். ஆண்டர்சன் தெருவில் மூன்று கல்யாணக் கார்டு கடைகளுக்கு மேட்டர் செட் செய்து டிரேசிங் எடுத்துக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. 2008-இல் சீட்டு எடுத்த பணத்தில், இரண்டு கம்ப்யூட்டருக்கும் டிசைன் சாஃப்ட்வேரை ஒரிஜினலாகவே வாங்கினோம். பெட்டி, டிஸ்க், பில் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். போன மாதம் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ஒரு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மெக்கானிக் வேறு மதர்போர்டும் வேறு ஹார்ட் டிஸ்க்கும் போட்டுக் கொடுத்தார். டிஸ்க்கைப் போட்டு இன்ஸ்டால் செய்தேன். சீரியல் நம்பரை எடுத்துக்கொண்டது, ஆக்டிவேஷன் மட்டும் ஆகவில்லை. கம்பெனிக்கு மெயில் போட்டதற்கு, அந்த வெர்ஷனுக்கு ஆக்டிவேஷனை நிறுத்திவிட்டோம், மாதச் சந்தா எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இன்னொரு கம்ப்யூட்டரில் அதே சாஃப்ட்வேர் இன்றைக்கும் ஓடுகிறது. பக்கத்துக் கடைப் பையன் 500 ரூபாய்க்கு, பூட்டை உடைத்துத் திறக்கும் கிராக் போட்டுத் தருகிறேன் என்கிறான். காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம், இதில் என்ன தப்பு என்று என் மகன் கேட்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த இன்னொரு கம்ப்யூட்டரும் நின்றுபோனால் இத்தனை வருஷத்து வேலை என்ன ஆகும் சார்?

ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

மெக்கானிக் கழற்றிய பழைய மதர்போர்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் இப்போது எங்கே இருக்கின்றன? உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதில் முதலில் எழுந்த கேள்வி இதுதான். பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கக்கூடாதே என்று இருந்தது. மெக்கானிக்கிடம் இருந்தால் இன்றைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள். ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, ஈரம் படாத உயரத்தில் வையுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கை யாரும் ஃபார்மட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் லைசென்ஸின் உயிர் இன்றைக்குப் பெட்டியிலோ பில்லிலோ இல்லை, அந்த இரண்டு உறுப்புகளில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். சீரியல் நம்பர் டிஸ்க்கோடு வருவது, சாஃப்ட்வேர் தானாகவே அதைச் சரிபார்த்துக்கொள்ளும். ஆக்டிவேஷன் அப்படியில்லை. முதல் தடவை இன்ஸ்டால் செய்யும்போது கம்ப்யூட்டரின் உறுப்புகளைப் பார்த்து ஓர் அடையாள எண் உருவாகும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதற்காக பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், டிஸ்ப்ளே கார்டு, நெட்வொர்க் கார்டு என்று பத்து விஷயங்களைப் பார்த்தது. உங்களுடையதைப் போன்ற சாஃப்ட்வேர்களும் இதே வழியில் வந்தவை. அந்த எண் கம்பெனி சர்வருக்குப் போகும். "இந்த மெஷினில் ஓடலாம்" என்ற அனுமதி திரும்பி வந்து, ஹார்ட் டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஃபைலும் மெஷினும் ஒத்துப்போகும்வரை சாஃப்ட்வேர் ஓடும். உங்கள் இன்னொரு கம்ப்யூட்டர் இன்றைக்கும் ஓடுவது இதனால்தான். மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றினால், சாஃப்ட்வேரின் கண்ணுக்கு அது முன்பின் தெரியாத மெஷின். மறுபடியும் சர்வரிடம் கேட்கிறது. அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

ஆகவே பழைய போர்டைச் சரிசெய்ய முடிந்து, அதில் பழைய ஹார்ட் டிஸ்க்கையே மாட்டினால், சாஃப்ட்வேர் யாரையும் கேட்காமல் திறந்துகொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. வோல்டேஜில் போனது என்கிறீர்கள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து பிரஸ்களுக்கு இருபத்து நான்கு வருஷமாக நான் சர்வீஸ் செய்கிறேன். "போர்டு போச்சு" என்று கழற்றிவைக்கப்பட்டவற்றில் எஸ்.எம்.பி.எஸ். என்ற கரன்ட் கொடுக்கும் பெட்டி மட்டுமே போயிருந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் உயிர் வராவிட்டால் ரிச்சி தெருவில் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்களிடம் கொடுங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். "இந்தப் பழைய போர்டுக்குப் போய் எதற்கு" என்று சொல்வார்கள். இந்த போர்டேதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். இதை மிகுந்த ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். சாஃப்ட்வேரின் ஹெல்ப் மெனுவில் "டிஆக்டிவேட்" என்று ஒன்று இருந்தால், யார் சொன்னாலும் அதைத் தொடாதீர்கள். சர்வர் இயங்கிய காலத்தில் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு லைசென்ஸை மாற்ற அதுதான் வழி. இன்றைக்கு அதை அழுத்தினால், இருக்கிற ஒன்றும் போய்விடும். அன்இன்ஸ்டால் வேண்டாம், விண்டோஸை மாற்ற வேண்டாம், வேகமாகட்டும் என்று வேறு உறுப்பு எதையும் போட வேண்டாம். நெட் ஒயரைக் கழற்றிவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் மேட்டரை வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ வாங்கி, ஸ்கேன் செய்த பென் டிரைவில் கொண்டுவாருங்கள். பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவும் வருவதில்லை, எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் நின்றுவிட்டது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் பலர் மாட்டியிருக்கிறார்கள். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதியை யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து லைசென்ஸை முடக்கிவிடும் சாஃப்ட்வேர்கள் உண்டு. எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும் பேட்டரிதான், முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன், விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் என்ற செட்டிங்ஸ் ஸ்கிரீனை ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் ஐ.டி.இ. முறையிலா, ஏ.எச்.சி.ஐ. முறையிலா என்ற வரி கட்டாயம் படத்தில் இருக்கட்டும். பேட்டரியை எடுத்ததும் அது மாறிப்போனால், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். கம்ப்யூட்டரே போய்விட்டது என்று பதறுவார்கள், அந்த ஒரு வரியைப் பழையபடி வைத்தால் எழுந்துவிடும்.

உங்கள் பகுதியில் கடல் காற்று வேறு. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை நான் திறக்கும் சி.பி.யு.க்களில் ராமின் பொன்னிறப் பற்கள் கறுத்துப் பச்சை பிடித்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கரன்ட்டை முழுசாகப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். யு.பி.எஸ். பேட்டரி பழசென்றால் இப்போதே மாற்றுங்கள். சி.பி.யு. தரையில் இருக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது வியாசர்பாடியில் ஒரு மினி ஆஃப்செட் பிரஸ்ஸில் மேஜைக்கு அடியில் இருந்த சி.பி.யு. மூன்றும் ஒரே ராத்திரியில் சாக்கடைத் தண்ணீரில் மூழ்கின. பரணில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது.

இதெல்லாம் ஆனதும், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை முழுசாக குளோன் எடுத்து வையுங்கள். ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்தால் லைசென்ஸ் அனுமதி அதில் வராது, முழு டிஸ்க்கும் அப்படியே வர வேண்டும். குளோன்ஜில்லா என்ற இலவச சாஃப்ட்வேர் இதற்குப் போதும், மெக்கானிக்கிடம் பெயரைச் சொன்னாலே தெரியும். ஹார்ட் டிஸ்க் மட்டும் போய் போர்டு நன்றாக இருக்கும் நாளில், அந்த குளோன் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் எழும். போர்டே போனால் குளோனும் ஆக்டிவேஷன் கேட்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் போல ஓடும் வெர்சுவல் மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னாலும் இதே சிக்கல்தான், அங்கேயும் உறுப்புகள் வேறு. பெட்டியில் வந்த ஒரிஜினல் டிஸ்க்கையும் ஐ.எஸ்.ஓ. என்ற முழு நகல் ஃபைலாக எடுத்து வையுங்கள், சி.டி.க்கும் ஆயுள் உண்டு. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ) இப்படிப் பாதுகாப்புக்காகக் காப்பி எடுக்கும் உரிமையை முறைப்படி வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறது.

இனி கிராக். உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி, அவரைக் கோபிக்காதீர்கள். நீங்கள் திருடவில்லை. பணம் கொடுத்தீர்கள், அவர்கள் கதவைச் சாத்தினார்கள். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவுகூட, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. ஆனால் பக்கத்துக் கடைப் பையன் கொண்டுவருவது உங்கள் டிஸ்க்கில் இருக்கும் சாஃப்ட்வேராக இருக்காது. எங்கிருந்தோ இறக்கிய திருட்டுக் காப்பியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தெரிந்தே அதைப் பயன்படுத்தினால் 63பி பிரிவு வருகிறது: ஏழு நாளிலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். உங்களிடம் பில் இருப்பது வாதத்துக்கு உதவலாம். அந்த வாதத்தைப் பேசப்போகும் இடம் போலீஸ் ஸ்டேஷனாக இருக்க வேண்டாம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. பெரம்பூரில் ஒரு ஸ்டூடியோக்காரர், என்னிடம் சர்வீஸுக்கு வருபவர், இப்படித்தான் ஒரு கிராக்கை ஓட்டினார். வைரஸ் காவலை நிறுத்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது, நிறுத்தினார். மறுநாள் காலையில் பதினோரு வருஷத்துக் கல்யாண ஆல்பங்கள் அத்தனையிலும் ஃபைல் பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வால் ஒட்டியிருந்தது, ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. ஸ்டாப் என்ற அந்த ரான்சம்வேர் பரவுவதே பெரும்பாலும் கிராக், போலி சீரியல் நம்பர் உருவாக்கும் கீஜென் வழியாகத்தான். 2019-இல் அதன் பழைய வகைகளைத் திறக்க ஓர் இலவசக் கருவி வந்தது, இவருக்கு வந்தது புது வகை. அந்த மனிதர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்களிடம் மிச்சமிருக்கும் சொத்து அந்த ஃபைல்கள்தான். 500 ரூபாய்க்காக அதைப் பணயம் வைக்காதீர்கள். உங்கள் மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியாகத்தான் சொல்கிறது.

கம்பெனி செய்தது சரியா என்றால், சரியில்லை. உங்கள் சாஃப்ட்வேரின் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் பல கம்பெனிகளிடமும் இது இருக்கிறது. வேறு விதமாகவும் செய்ய முடியும். 2012 டிசம்பரில் அடோபி, போட்டோஷாப் அடங்கிய தன்னுடைய சி.எஸ். 2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத ஒரு பதிப்பைக் கொடுத்தது. பிற்பாடு அந்த வழியும் மூடப்பட்டது. சி.எஸ். 2, சி.எஸ். 3 இரண்டையும் ஒரிஜினல் டிஸ்க் இருந்தாலும் இனி மறுபடி இன்ஸ்டால் செய்ய முடியாது என்பதுதான் இப்போதைய நிலை. எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தியபோது, இன்ஸ்டால் செய்வதும் ஆக்டிவேட் செய்வதும் தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஆதரவு நிறுத்தம் வேறு, ஆக்டிவேஷன் நிறுத்தம் வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் ஆஃபீஸ் 2016, 2019-க்கும் ஆதரவு முடிந்தபோது எத்தனையோ பேர் மறுநாள் கம்ப்யூட்டரே திறக்காது என்று பயந்து எனக்கு போன் செய்தார்கள். திறந்தது, ஓடியது. அப்டேட் மட்டும் நின்றது. உங்களுக்கு நடந்திருப்பது இதைவிடக் கடுமையானது.

பெட்டியில் வைத்து விற்கும் சாஃப்ட்வேர் "சரக்கு"தான் என்று 2004-இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது விற்பனை வரி வழக்கு, நேரடியாக உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உரியது. கம்பெனி அனுப்பிய அந்த மெயிலை இன்றைக்கே பிரின்ட் எடுத்து பில்லோடு வையுங்கள். புகார் கொடுங்கள் என்றே சொல்வேன், கொடுத்தால்தான் இது ஒரு குறை என்று பதிவாகும். ஆனால் தீர்ப்பு வரும்வரை முகூர்த்தம் காத்திருக்காது.

அதனால் ஃபைல்களுக்கு வருவோம். கல்யாணக் கார்டு வேலை இல்லாத ஆடி மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் பக்கம் கூழ் வார்க்கும் நோட்டீஸ் வேலை வரும், தெரியும். ஆடிப் பதினெட்டு தாண்டியதும் ஆவணிக் கார்டுகள் வர ஆரம்பித்துவிடும் என்பதும் தெரியும். ஆகவே கையில் இருப்பது ஏறக்குறைய மூன்று வாரம். எல்லாவற்றையும் மாற்றிவிட நினைக்காதீர்கள். கடைக்காரர்கள் "அதே மாதிரி" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் டிசைன்கள் ஐம்பதோ அறுபதோ இருக்கும். அக்காவுக்கு அடித்த கார்டைப் போலவே தங்கைக்கும் கேட்டு வருவார்களே, அவற்றை முதலில் எடுங்கள். மற்றவற்றை பி.டி.எஃப். ஆக்கி வைத்தால் போதும்.

பி.டி.எஃப். எடுக்கும்போது ஃபான்ட் உள்ளேயே பதியட்டும். பதியவிடாத ஃபான்ட் என்றால் எழுத்தைப் படக்கோடாக மாற்றும் கர்வ்ஸ் ஆக்கி ஒன்று, எழுத்தாகவே ஒன்று என இரண்டாக வையுங்கள். படங்களைத் தனியே டிஃப் ஆக எடுங்கள். பழைய வடிவங்கள் சிலவற்றை இலவச சாஃப்ட்வேர்களே திறக்கும்: பேஜ்மேக்கர், கோரல்டிரா ஃபைல்களை லிப்ரே ஆஃபீஸும் ஸ்கிரைபஸும் ஓரளவு படிக்கும், போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. ஃபைலை கிம்ப் திறக்கும். இடம் கொஞ்சம் நகர்ந்திருக்கும், மேட்டர் கிடைக்கும். புது வெர்ஷனை ஒரே ஒரு மாதம் சந்தா எடுத்து மாற்றிக்கொள்வதும் நல்ல வழிதான். பணம் கட்டும் முன் இரண்டைப் பாருங்கள்: உங்கள் பழைய ஃபைலை அது திறக்கிறதா, எடுப்பது உண்மையிலேயே மாதத் திட்டமா. மாதாமாதம் கட்டும் வருடத் திட்டம் என்று ஒன்று உண்டு, அதை நடுவில் நிறுத்தினால் அபராதம் கேட்பார்கள்.

கடினமான இடம் தமிழ் எழுத்து. நீங்கள் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருப்பீர்கள். அதில் "அம்மா" என்று நீங்கள் பார்ப்பது கம்ப்யூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் அப்படியேதான் தெரியும். 2010-இலேயே தமிழக அரசு, ஃபான்ட் மாறினாலும் எழுத்து மாறாத யூனிகோடையும், டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது, ஆனால் நம் டி.டி.பி. உலகம் இன்னும் பழைய ஃபான்ட்டில்தான் இருக்கிறது. மேட்டரை காப்பி செய்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றி, தனி ஃபைலில் வையுங்கள். மாற்றியதும் "சௌ" வரும் இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஃபான்ட்டில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே எழுத்து என்பதால் "சௌபாக்கியவதி" என்பது செ, ள என்று பிரிந்து "செளபாக்கியவதி" ஆகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. கௌரி, கௌதம், மௌனிகா எல்லாருக்கும் இதே கதி. ஸ்ரீயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விரல் பழக்கம் மாறுமோ என்று பயப்பட வேண்டாம், என்.எச்.எம். ரைட்டரிலும் இ-கலப்பையிலும் பாமினி விசை முறையை வைத்தே யூனிகோடில் அடிக்கலாம்.

மாற்றியவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். முதல் பத்து ஃபைல் முடிந்ததும் அவற்றை உங்கள் மகனுடைய போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். அதில் பாமினியும் இல்லை, உங்கள் சாஃப்ட்வேரும் இல்லை. அங்கே மணமகள் பெயரில் கொம்பும் காலும் சரியாக நின்றால், பதினோராவது ஃபைலை எடுக்கலாம்.